வக்கீல் லெட்டரும் வளையிற பைப்பும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சைலன்சர் துரு பத்தி ரெண்டு வரி எழுதினதுதான் தாமதம், இந்த மாசம் வந்த கேள்வியெல்லாம் எக்ஸாஸ்ட் மயம். அதுல ஒண்ணு பெரிய விஷயம், அதுக்கே பாதி பக்கம் போயிடும், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க. புதுசா படிக்கறவங்களுக்குச் சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல. பிரிட்டோரியாவுல ஒரு பேட்டன்ட் ஆபீஸ்ல பல வருஷம் உக்காந்து படம் வரைஞ்ச டிராஃப்ட்ஸ்மேன், அதுக்கு முன்னாடி டர்பன்ல பட்டறையில வெல்டிங் பிடிச்சவன்.

கேள்வி: அண்ணே, எங்க அப்பா 1980கள்ல ஆரம்பிச்ச எக்ஸாஸ்ட் கடை, இப்ப நான் பாக்கறேன். சின்னக் கார், டெலிவரி வேன் இதுக்கெல்லாம் எஞ்சின் பக்கத்துல வர்ற வளையிற பைப், நாங்க ஃப்ளெக்ஸ்னு சொல்வோம்ல, அதை நாங்களே செஞ்சு போடறோம். போன மாசம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருந்து நாலு பக்கம் லெட்டர். அந்த டிசைனுக்கு அவங்க கட்சிக்காரர் பேட்டன்ட் வாங்கி வெச்சிருக்காராம், 14 நாளுக்குள்ள நிறுத்தணுமாம், இதுவரை வித்ததுக்கு கணக்கு கொடுத்து இனிமே செய்ய மாட்டேன்னு கையெழுத்து போடணுமாம். சீல் போட்ட சர்ட்டிஃபிகேட் காப்பியும் கூட வெச்சிருக்காங்க. அம்மா கையெழுத்து போட்டுத் தொலைச்சுட்டு நிம்மதியா இருடாங்கறாங்க. நான் என்ன செய்யட்டும்?
(சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கடைக்காரர்)

பதில்: தம்பி, முதல்ல கையெழுத்து போடாதே. அதுக்காக லெட்டரை டிராயர்ல போட்டு மூடவும் செய்யாதே. அந்த 14 நாள் கணக்கு அவங்களா வெச்சது, சட்டத்துல எழுதினது இல்ல, ஆனா நீ வாயே திறக்கலேன்னா நேரா கோர்ட்டுக்குப் போய் தற்காலிகத் தடை கேக்கலாம், அப்ப ஓட வேண்டியது நீதான். அதனால பேட்டன்ட் கேஸ் பாக்கற வக்கீல் ஒருத்தரைப் பிடிச்சு, "லெட்டர் கிடைச்சுது, பாத்துட்டு இருக்கோம்"னு ரெண்டு வரி பதில் போடச் சொல்லு. வீடு வாங்கி விக்கற பத்திரம் எழுதற வக்கீல் இதுக்கு ஆகாது.

இப்ப அந்த சீல் விஷயம். அம்மா பயந்தது அதைப் பாத்துத்தான்னு நினைக்கறேன். நம்ம தென்னாப்பிரிக்காவுல பேட்டன்ட் கொடுக்கறப்ப இது நிஜமாவே புதுசான்னு யாரும் தோண்டிப் பாக்கறதில்ல. 1978-ஆம் வருஷத்து 57-ஆம் நம்பர் சட்டப்படி பிரிட்டோரியாவுல இருக்கற ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் ஃபாரம் சரியா இருக்கா, ஃபீஸ் கட்டியாச்சா, பேப்பர் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னுதான் பாக்கும், பாத்துட்டு சீல் குத்திடும். இது உனக்கு நம்பிக்கை இல்லேன்னா 2021 ஜூலை மாசக் கதையைக் கேளு, டாபஸ்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை கண்டுபிடிச்சவரா எழுதி உலகம் பூரா அப்ளிகேஷன் போட்டாங்க, அமெரிக்கா முடியாதுன்னுச்சு, பிரிட்டன் முடியாதுன்னுச்சு, ஐரோப்பா முடியாதுன்னுச்சு, நம்ம ஆளுங்க மட்டும் சாப்பாட்டு டப்பா ஒண்ணுக்கு பேட்டன்ட் கொடுத்துட்டாங்க! மிஷினைக் கண்டுபிடிச்சவரா போட்டு பேட்டன்ட் கொடுத்த முதல் நாடு நம்மதான், பெருமையா சிரிப்பான்னு தெரியல. இதை மாத்தி உள்ளே இருக்கற சரக்கையும் பரிசோதிக்கணும்னு 2018-ல கேபினட் ஒரு கொள்கையே ஒப்புக்கிச்சு, அது வேற கதை.

அதனால அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு அர்த்தம் "இவர் இப்படிச் சொல்லி பதிஞ்சிருக்கார்"ங்கறது, அவ்வளவுதான். அது நிக்குமா நிக்காதாங்கறது சண்டை வந்தப்புறம் ஜட்ஜ் முன்னாடிதான் தெரியும். (இன்னொண்ணு, தமிழ்ல பாட்டுக்கும் புஸ்தகத்துக்கும் இதுக்கும் சேத்து காப்புரிமைன்னு ஒரே சொல்லைப் போட்டு குழப்பறாங்க, அதான் நான் பேட்டன்ட்னே எழுதறேன்.)

அடுத்து நீ செய்ய வேண்டியது அந்த பேட்டன்ட்டை முழுசா வாங்கிப் படிக்கறது. முன்னாடி வர்ற படம், விளக்கம் எல்லாத்தையும் பாத்து மிரளாதே, கடைசியில நம்பர் போட்டு வர்ற வாக்கியங்கள் இருக்கு பாரு, க்ளெய்ம்னு பேரு, வேலி அதுதான். உன் லெட்டர்ல இருக்கற முதல் க்ளெய்மை நான் நம்ம பேச்சுல சொல்றேன்: துருத்தி மாதிரி மடிப்பு வெச்ச ஸ்டெயின்லெஸ் குழாய், அதுக்கு உள்ளே கொக்கி போட்டு சுத்தின பட்டை லைனர், வெளியே கம்பிப் பின்னல், லைனரோட ஒரு முனையை மட்டும் வெல்ட் பண்ணி மறு முனை ஒரு கம்பி வலை வளையத்துல சும்மா உக்காந்திருக்கும். நாலு விஷயம். ஒருத்தன் செய்யற சாமான்ல இந்த நாலும் இருந்தாத்தான் வேலிக்குள்ள கால் வெச்சான்னு அர்த்தம்.

இதை எழுதறப்ப என் மேஜை மேல ஒரு பழைய ஃப்ளெக்ஸ் நீளவாக்குல கிரைண்டர்ல அறுத்து வெச்சிருக்கேன், பேப்பர் வெயிட் மாதிரி. வெளிப் பின்னல் கறுத்து உதிரியா நிக்குது, அடுத்து துருத்தி, விரல் நகத்தால தட்டினா டிங்குன்னு சத்தம் கேக்கற அளவுக்கு மெல்லிசு, ஒவ்வொரு மடிப்போட முதுகுலயும் வெப்பத்துல நீலம் பாய்ஞ்சிருக்கு. அதுக்குள்ள லைனர், பட்டையோட ஓரத்தை எஸ் மாதிரி மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி சுருட்டினது. எஞ்சின் குறுக்க உக்காந்திருக்கற கார்ல ஆக்சிலேட்டரை மிதிச்சா எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும், பின்னாடி பைப் ரப்பர்ல தொங்கிட்டு இருக்கும், நடுவுல அந்த ஆட்டத்தை எல்லாம் வாங்கிக்கறது இந்தத் துருத்திதான். சூடான புகை நேரா துருத்தி மேல அடிக்காம காக்கறது லைனர். ஆனா லைனர் லூசா இருந்தா கடகடன்னு சத்தம் போடும், ரெண்டு முனையையும் கெட்டியா பிடிச்சா இழுபட்டு அறுந்துடும். அதனால ஒரு முனையை எப்படி விடறது, எதுல உக்கார வைக்கறது, இந்தச் சின்ன இடத்துலதான் இவ்வளவு பேட்டன்ட் சண்டையும். நான் வேலை பாத்தப்ப "பிடிச்சிருக்கும்"ங்கற ஒரே வார்த்தைக்கு அரை நாள் வாக்குவாதம் நடந்தது ஞாபகம் இருக்கு, ரெண்டு இடத்துல பொட்டு வெல்ட் வெச்சா அது பிடிச்சதா பிடிக்காததான்னு. நான் படத்துல அந்தப் பொட்டை மூணு தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன்.

நீ அனுப்பின போட்டோல ரெண்டு மாடல் தெரியுது. ஒண்ணுல கம்பி வலை வளையமே இல்ல, லைனரோட வாயைக் கொஞ்சம் சுருக்கி குழாய்க்குள்ள சொருகியிருக்கே. எழுதின வார்த்தைப்படி பாத்தா இது அவங்க வேலிக்கு வெளியே. ஆனா கோர்ட் வார்த்தையை மட்டும் எடை போடாது, அந்த அம்சம் கண்டுபிடிப்புக்கு முக்கியமா, எழுதினவர் அதைக் கட்டாயம்னு நினைச்சு எழுதினாராங்கறதையும் பாக்கும், அதனால வக்கீல்கிட்ட இந்த மாடலை தனியாக் காட்டு. இன்னொரு மாடல்ல வளையம் இருக்கு. அதுல நாலு அம்சமும் இருக்கு தம்பி, நான் மழுப்ப விரும்பல. அதைக் காப்பாத்தணும்னா "உங்க பேட்டன்ட்டே செல்லாது, இது பழசு"ன்னுதான் சண்டை போடணும்.

அந்த வழி சட்டத்துல இருக்கு. உன் மேல வழக்கு போட்டா, பேட்டன்ட்டை ரத்து பண்றதுக்கு என்னென்ன காரணம் உண்டோ அத்தனையும் தற்காப்பாவும் சொல்லலாம், எதிர்மனுவாவும் போடலாம். புதுசுங்கறதுக்கு இங்க அளவுகோல் ரொம்பக் கறார், அவங்க அப்ளிகேஷன் தேதிக்கு முன்னாடி உலகத்துல எங்கயாவது, எழுத்துலயோ பேச்சுலயோ உபயோகத்துலயோ வெளியே வந்திருந்தா அது பழசு. கார்ல மாட்டி வித்த ஃப்ளெக்ஸை எவனும் அறுத்துப் பாக்கலாம், அதனால வித்தாலே வெளியே வந்த மாதிரிதான். வெளியே தெரியாம ரகசியமா செஞ்சிருந்தாக்கூட, இந்த நாட்டுல வியாபார அளவுல செஞ்சிருந்தா அதையும் சட்டம் பழசுன்னே எடுத்துக்குது.

இங்கதான் உங்க அப்பா வர்றார். 1990கள்லயே வளையம் வெச்சு செஞ்சோம்னு எழுதியிருக்கே, நல்லது, ஆனா எதை வெச்சு நிரூபிப்பே? பழைய பில் புக்குல "ஃப்ளெக்ஸ் – 1"னு மட்டும் எழுதியிருந்தா அது ஒரு ஃப்ளெக்ஸ் வித்ததுக்கு சாட்சி, அதுக்குள்ள வளையம் இருந்ததுக்கு சாட்சி இல்ல. அப்பா கையால வரைஞ்ச அளவுத் தாள், வலை வாங்கின கடை ரசீது, தேதியோட போட்டோ, இல்ல அந்தக் காலத்துல மாட்டின பைப்போட இன்னும் ஸ்க்ராப்யார்ட்ல கிடக்கற வண்டி, இதெல்லாம் தேடு. கிடைச்சா வெட்டாதே! முதல்ல வக்கீல் முன்னாடி போட்டோ எடுத்துட்டு அப்புறம் வெட்டலாம். அப்பாகூட வேலை செஞ்சவங்க யாராவது இருந்தா பிரமாண வாக்குமூலம் வாங்கிடு, வயசானவங்க, நாளைக்குன்னு தள்ளாதே. அதோட இன்டர்நெட்ல எஸ்பேஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப்னு பழைய பேட்டன்ட்டை இலவசமாத் தேடற ரெண்டு இடம் இருக்கு, எக்ஸாஸ்டுக்கு எஃப்01என், குழாய் இணைப்புக்கு எஃப்16எல்னு வகை போட்டுத் தேடினா ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா பழைய பேட்டன்ட்கள் குவியும். அங்க காலாவதி ஆனதுல அதே வளையம் அச்சு அசலா படத்துல இருந்தா உன் வேலை பாதி முடிஞ்சுது.

ரிஜிஸ்டரையும் பாக்கச் சொல்லு. பேட்டன்ட்டுக்கு ஆயுள் 20 வருஷம், ஆனா மூணாவது வருஷத்துல இருந்து வருஷா வருஷம் ஃபீஸ் கட்டணும், கட்டலேன்னா உயிர் போயிடும். (தவறி விட்டுட்டோம்னு சொல்லி மறுபடி எழுப்பவும் வழி இருக்கு, அதையும் கவனி.) நஷ்ட ஈடு கேக்கறாங்கல்ல, அதுலயும் ஒரு சங்கதி, இப்படி ஒரு பேட்டன்ட் இருக்கறதே உனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க நியாயமான வழியும் இல்லேன்னு நிரூபிச்சா அந்தக் காலத்துக்கு நஷ்ட ஈடு கிடையாது. சாமான் மேல வெறுமனே "பேட்டன்ட்"னு குத்தியிருந்தா அது அறிவிப்பு ஆகாது, நம்பரும் போட்டிருக்கணும். ஆனா லெட்டர் வந்த நாள்ல இருந்து உனக்குத் தெரியும், அதுக்கப்புறம் விக்கற ஒவ்வொண்ணும் கணக்குல ஏறும். அதனால என் யோசனை, வளையம் வெச்ச மாடலை இப்போதைக்கு நிறுத்து, வளையம் இல்லாததை வக்கீல் சரின்னா செய். இது தோல்வி இல்ல, மீட்டரை நிறுத்தறது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். கேஸ் நடக்கறது டர்பன்ல இல்ல, பிரிட்டோரியாவுல, ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருத்தர் பேட்டன்ட் கமிஷனரா உக்காருவார், அங்கருந்து அப்பீல்னா ப்ளூம்ஃபோன்டைன் வரைக்கும் போகும். நடுவுல அவங்க தங்களோட க்ளெய்மைக் குறுக்கித் திருத்திக்கவும் கேக்கலாம், நீ பழசுன்னு காட்டின பகுதியை மட்டும் கழிச்சுட்டு மிச்சத்தை வெச்சு நிப்பாங்க. ஒரு கடை தாங்கற செலவு இல்ல இது. அதனால சாட்சி பலமா கிடைச்சா அதை அவங்க வக்கீலுக்கு அனுப்பறதுதான் முதல் அடி, நிறைய சண்டை அங்கயே அமுங்கிடும், ஏன்னா ரத்துன்னு ஒரு தீர்ப்பு வந்தா அவங்களுக்கு உன்கிட்ட மட்டும் இல்ல, எல்லார்கிட்டயும் போச்சு. ஆதாரமே இல்லாம மிரட்டறாங்கன்னா 70-ஆம் பிரிவுல நீ அவங்க மேல போகலாம், மிரட்டலை நிறுத்தவும் நஷ்டத்துக்கும். ஆனா "எங்ககிட்ட பேட்டன்ட் இருக்கு"ன்னு தெரிவிக்கறது மட்டும் மிரட்டல் ஆகாது. உன் கஸ்டமர் கடைகளுக்கும் இதே லெட்டர் போயிருக்கான்னு விசாரி, போயிருந்தா அந்தக் காப்பியை பத்திரமா வை. அம்மாகிட்ட சொல்லு, கையெழுத்து போட்டா நிம்மதி வராது, கணக்குதான் வரும்னு.

கேள்வி: அங்கிள், நான் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருக்கேன். ஃப்ளெக்ஸ் பின்னல் உதிராம இருக்க ஒரு புது காலர் நானே செஞ்சேன், நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு கார் மீட்ல காட்டினேன், வீடியோவும் ஃபேஸ்புக்ல போட்டேன், செம ரெஸ்பான்ஸ். இப்ப பேட்டன்ட் போடலாமா?

பதில்: கண்ணா, லைக் வாங்கின அன்னிக்கே பேட்டன்ட் போச்சு. மேல சொன்ன அதே கறார் அளவுகோல் உனக்கும் பொருந்தும், நீயே வெளியிட்டாலும் வெளியிட்டதுதான். உன் சம்மதம் இல்லாம யாராவது திருடி வெளியிட்டிருந்தா, இல்ல நியாயமான சோதனைக்காகப் பயன்படுத்தியிருந்தா விலக்கு உண்டு, கார் மீட்ல பாட்டு போட்டு காட்டினது சோதனைன்னு எந்த ஜட்ஜும் ஒத்துக்க மாட்டார். அமெரிக்காவுல கண்டுபிடிச்சவனே வெளியிட்டா ஒரு வருஷம் டைம் கொடுக்கறாங்க, அங்க விக்கற எண்ணம் இருந்தா மட்டும் அதைப் பத்தி யோசி.

டிசைன் ரிஜிஸ்ட்ரேஷன்னு வேற ஒண்ணு இருக்கு, 1993-ஆம் வருஷச் சட்டம், அதுல வெளியிட்டு ஆறு மாசம் வரைக்கும் பதியலாம், உனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. சந்தோஷப்படாதே. வேலைக்காக அமைஞ்ச வடிவத்துக்கு ஃபங்ஷனல் டிசைன்னு பேரு, 10 வருஷம் ஆயுள், ஆனா வண்டிக்கு உதிரிபாகமா இருக்கற சாமானுக்கு அந்தப் பதிவு எந்த உரிமையும் தராதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. ஃப்ளெக்ஸ் காலர் உதிரிபாகம் இல்லாம வேற என்ன!

வீடியோல காட்டாத முன்னேற்றம் ஏதாவது கையில இருக்கா? இருந்தா வாயைக் கட்டிட்டு முதல்ல ப்ரொவிஷனல் அப்ளிகேஷன் போடு, அதுக்கப்புறம் முழு அப்ளிகேஷனுக்கு 12 மாசம் டைம் இருக்கு. அதுவரைக்கும் பிராய் போடற (கூடி உக்காந்து கறி சுடற) இடத்துல நண்பர்கள்கிட்ட கூட சொல்லாதே, முக்கியமா எக்ஸாஸ்ட் கடை வெச்சிருக்கற நண்பர்கள்கிட்ட.

கேள்வி: கம்பெனி பார்ட்ஸ் மாதிரியே அச்சு அசலா செஞ்சு விக்கறது திருட்டு இல்லையா சார்? எப்படி கோர்ட் விடுது?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: எல்லாமே திருட்டு இல்லீங்க. 2013-ல பிஎம்டபிள்யூ கம்பெனி கிராண்ட்மார்க்னு ஒரு உதிரிபாகக் கம்பெனி மேல போட்ட கேஸ் ப்ளூம்ஃபோன்டைன் அப்பீல் கோர்ட் வரைக்கும் போச்சு. பானெட், கிரில், ஹெட்லைட், ஃபெண்டர், இதையெல்லாம் அழகு டிசைன்னு பதிஞ்சு வெச்சிருந்தாங்க. அடிபட்ட கார்ல பழைய வடிவத்தை அப்படியே திரும்பக் கொண்டு வர்றதுக்குத்தான் மாத்து பானெட் வாங்கறான், அழகு பாத்து தேர்ந்தெடுக்கறதில்ல, அதனால அது வேலைக்கான வடிவம்னு கோர்ட் சொல்லி பிஎம்டபிள்யூவுக்கு எதிரா தீர்ப்பாச்சு. ஆனா கம்பெனி முத்திரையைக் குத்தி ஒரிஜினல்னு விக்கறது வேற விஷயம், அது டிரேட் மார்க், அதுக்கு மன்னிப்பு இல்ல. உயிரோட இருக்கற பேட்டன்ட்டும் அப்படித்தான், அதுக்கு உதிரிபாகச் சலுகை எல்லாம் கிடையாது.

கேள்வி: தம்பி, நான் டோங்காட்ல ரிடையர் ஆன டீச்சர், கார் எனக்கு ஒண்ணும் தெரியாது. இரும்பு எப்படி வளையும்? இதை முதல்ல யோசிச்சது யாரு?

பதில்: டீச்சரம்மா, உங்க கழுத்துல இருக்கற செயின்ல இருந்துதான் வந்துச்சு! ஜெர்மனியில ஃபோர்ட்ஸ்ஹைம்னு ஒரு ஊர், நகை செய்யறதுக்குப் பேர் போன ஊர். அங்க நகைத் தொழில் பண்ணின ஹைன்ரிஷ் விட்ஸன்மான், பிரெஞ்சுக்காரர் யூஜேன் லெவவாஸர், இவங்க ரெண்டு பேரும் சேந்து 1885-ல உலோகக் குழாயை வளைய வெச்சாங்க. மாதிரி எங்கருந்து எடுத்தாங்கன்னா, வாத்துக் கழுத்துன்னு அவங்க ஊர்ல சொல்ற ஒரு சங்கிலி, தகட்டுப் பட்டையை ஓரம் மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து சுத்தினது. அதே பட்டையை நகைக்கு பதிலா குழாயா சுத்தி, இடுக்குல ரப்பர் நூலை வெச்சு ஒழுகாம அடைச்சாங்க. ஆகஸ்ட் 4 பிரான்ஸ்ல பேட்டன்ட், ஆகஸ்ட் 27 ஜெர்மனியில. கார்ல் பென்ஸ் தன்னோட மோட்டார் வண்டிக்கு பேட்டன்ட் போட்டது அடுத்த வருஷம் 1886 ஜனவரியில, அதாவது கார் வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு வேண்டிய குழாய் ரெடி!

உங்க கேள்வி படிச்சதும் எங்க தாத்தா ஞாபகம் வந்துச்சு. அவர் தங்க ஆசாரி, ஒரு முறுக்குச் சங்கிலியை உள்ளங்கையில கொட்டி "பாருடா, பாம்பு மாதிரி போகுது, ஆனா ஒரு கண்ணியும் வளையல"ம்பார். அதேதான் விஷயம், லைனர்ல இரும்பு வளையறதில்ல, கோத்த இடம் நகருது. துருத்திதான் நிஜமா வளையும், அதுவும் ரொம்ப மெல்லிசா இருக்கறதால. 1885 பேட்டன்ட் எப்பவோ காலாவதி, அந்த மூல யோசனை இப்ப யாருக்கும் சொந்தம் இல்ல, மேல சாட்ஸ்வொர்த் தம்பியோட லெட்டர்ல சண்டை போடறது அந்த முனையில வைக்கற ஒரு வளையத்துக்கு.

கேள்வி: ஃப்ளெக்ஸ் மாத்தி ஆறு மாசம்கூட ஆகல, மறுபடி கிழிஞ்சுடுச்சு. கடைக்காரர் சரக்கு சரியில்லங்கறார், நிஜமா?

பதில்: சரக்காவும் இருக்கலாம், ஆனா முதல்ல எஞ்சின் மவுன்டிங் ரப்பரைப் பாருங்க. அது போயிருந்தா எஞ்சின் ஆடற ஆட்டத்துக்கு எந்த ஃப்ளெக்ஸும் தாங்காது. ரெண்டாவது, மாட்டறப்ப பைப்பைத் திருகி இழுத்துப் பிடிச்சு வெல்ட் பண்ணியிருந்தாலும் கிழியும், துருத்தி வளையும், நீளும், சுருங்கும், முறுக்கு மட்டும் அதுக்கு ஆகவே ஆகாது. மேல அம்புக்குறி போட்டிருந்தா புகை போற திசையில இருக்கான்னு பாருங்க. ஓட்டையை அப்படியே விட்டு ஓட்டாதீங்க, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி கிழிஞ்சிருந்தா வெளிக்காத்து உள்ளே போய் சென்சார் தப்புக் கணக்கு போடும், பெட்ரோல்தான் வீணாகும். பின்னல் மேல சுத்தி எக்ஸாஸ்ட் பேண்டேஜ் ஒட்டிக் கொடுக்கறேன்னு எவனாவது சொன்னா, சரி நீ உன் வண்டிக்கு ஒட்டிக்கோன்னு சொல்லிட்டு வேற கடைக்குப் போங்க.